ஆற்றின் நலத்தை அறிவிக்கும் சிற்றுயிர்கள்

(சங்கராபுரம் ரயத்து ஒருவர் எழுதியது)

மண்ணைப் பரிசோதித்துப் பார்த்து உரமிடும் வழக்கம் நம் ரயத்துகளிடையே ஓரளவு வேரூன்றியிருக்கிறது. விதையின் முளைப்புத் திறனைச் சோதித்த பின்னரே நாற்றங்கால் விடுகிறோம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பாராமல் விலை பேசுவதில்லை. ஆனால் இவை யாவற்றுக்கும் ஆதாரமான ஆற்று ஜலத்தை மட்டும் "வந்ததா, வரவில்லையா" என்னும் ஒரே கேள்வியோடு விட்டுவிடுகிறோம். வந்த ஜலம் எத்தகையது என்று கேட்பாரில்லை.

இக்குறையை நீக்குவதற்கு அதிகப் பணச் செலவில்லாத முறை ஒன்று உண்டு. ஆற்றின் அடியில், கல்லுக்குக் கீழும் மணலுக்குள்ளும் செடிகளின் வேரிலும் வாழ்கின்ற முதுகெலும்பில்லாத சிற்றுயிர்களைக் கொண்டு ஆற்றின் நலத்தை மதிப்பிடுவதே அது. கோமுகி, மணிமுக்தா ஆகிய இரு நதிகளின் கரையிலுள்ள ஒவ்வோர் ஊராட்சியும் இம்முறையைக் கைக்கொண்டு, ஒரு பதிவேடு வைத்துவர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களை நிலமுடையவர்களும் கிராமாதிகாரிகளும் ஆலோசிக்கும் பொருட்டு இங்கே எடுத்துரைக்கிறேன்.

நம் நதிகளின் நிலை

கல்வராயன் மலையில் பெய்யும் மழையே நம் சாகுபடிக்கு மூலதனம். கல்படை, பொட்டியம் முதலிய ஓடைகள் மலையினின்று இறங்கிக் கோமுகி அணையை நிரப்புகின்றன. கச்சிராயபாளையத்துக்கு அருகிலுள்ள அவ்வணை 1965-ஆம் ஆண்டில் கட்டி முடிந்தது. மணிமுக்தா அணை 1970-இல் முடிந்தது. இவ்விரு நதிகளும் ஒன்றுகூடி, விருத்தாசலத்தைக் கடந்து, வெள்ளாற்றிற் கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகின்றன. அந்தக் கடைமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையம் இருக்கிறது. நீரடி மண்ணில் வாழும் உயிர்களை அங்குள்ள அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். ஆற்றின் தலைமுகத்தில் இருக்கும் நாமோ, தினந்தோறும் அதே ஜலத்தில் கால் நனைத்தும், காலடியில் வாழ்வது இன்னது என்று அறியாமலிருக்கிறோம்.

மலையினின்று இறங்கும்போது தெளிந்திருக்கும் ஜலம், சமவெளியில் ஊர்களைக் கடக்குந்தோறும் பலவற்றைச் சுமக்கிறது. சாக்கடை வந்து சேர்கிறது. ஆலைகளின் கழிவும், கழிவுநீர்த் தொட்டி லாரிகள் இரவில் கொட்டுவதும் சேரக்கூடும். நெல், கரும்பு, மரவள்ளி, பருத்தி முதலிய பயிர்களுக்கு நாம் இடும் உரத்திலும் தெளிக்கும் மருந்திலும் ஒரு பகுதி மழையோடு ஓடையை அடைகிறது. மலைச் சரிவிலே மேலிருந்து கீழாக உழுத நிலத்தின் வண்டல் வந்து கற்களின் இடுக்கை அடைக்கிறது. ஆகையால் குற்றவாளியைத் தேடிப் புறப்படுமுன், நம் கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நியாயம்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. என் சொந்தத் தவற்றிலிருந்து சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கத்தரிக்கு மருந்தடித்து முடித்த மாலையில், தெளிப்பானை வயலோரக் கால்வாயிலேயே கழுவும்படி ஆளுக்குச் சொன்னேன். மறுநாட் காலையில் மடையைத் திறக்கப் போனபோது, சிற்றிறால்கள் வெளிறிக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன, நண்டுகள் மல்லாந்திருந்தன. ஜலமோ முன்போலவே தெளிவாயிருந்தது, வாசனையும் இல்லை. ஒரு குப்பியில் அள்ளி யாரிடம் காட்டியிருந்தாலும் "நல்ல தண்ணீர்" என்றே சொல்லியிருப்பார். உண்மையைச் சொன்னவை அந்த இறாலும் நண்டுமே. அன்று முதல்தான் இவ்விஷயத்தில் எனக்குச் சிரத்தை உண்டாயிற்று.

குப்பி ஜலம் சொல்லாதது

ரசாயனப் பரிசோதனை அவசியமானது. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. எனினும் அதற்கு ஒரு வரம்பு உண்டு. குப்பியில் அள்ளிய ஜலம், அள்ளிய அந்த நிமிஷத்துக்கு மாத்திரமே சாட்சி. ஓடும் ஆற்றில் நள்ளிரவில் விடப்பட்ட கழிவு, விடியுமுன் நாலைந்து மைல் கடந்துவிடும். பத்து நாள் கழித்து வந்து ஜலம் எடுப்பவர் குற்றமொன்றும் காணமாட்டார். மேலும், எந்த நஞ்சைத் தேடுவது என்று முன்கூட்டியே அறிந்தாலன்றி ஆராய்ச்சிச்சாலையில் அதைக் கண்டுபிடிப்பது அரிது. இன்று விற்பனையிலுள்ள மருந்துகள் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தேடுவதற்கு ஆகும் செலவை எந்த ஊராட்சியும் தாங்காது.

ஆற்றடியில் வாழும் உயிரோ இடம் விட்டு எளிதில் ஓட முடியாதது. வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் அங்கேயே கிடந்து, வந்ததையெல்லாம் அனுபவிக்கிறது. பிராணவாயு குறைந்த இரவும், நஞ்சு கலந்த விடியலும் அதன் உடம்பில் பதிவாகின்றன. தாங்கக்கூடியது பிழைத்திருக்கும், தாங்க முடியாதது மறைந்துபோகும். எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால், கடந்த சில மாதங்களில் ஆறு பட்ட பாடு விளங்கிவிடும். ரசாயனப் பரிசோதனை ஒரு நாளின் சாட்சி என்றால், இவ்வுயிர்கள் ஒரு பருவத்தின் சாட்சி.

சாட்சிகள் யாவர்?

நம் ஓடைகளில் காணக்கூடியவற்றை மூன்று வகுப்பாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்பு, தூய ஜலத்தையே நாடுவன. ஒருநாட் பூச்சி என்று சொல்லத்தக்க மெல்லிய சிறகுடைய பூச்சி மாலையில் விளக்கைச் சுற்றி வரும். இறக்கை முளைத்தபின் அது வாழ்வது ஓரிரு நாளே. ஆனால் அதன் இளவுயிர் வாரங்களும் மாதங்களும் ஜலத்துக்குள்ளே வாழ்கிறது. கல்லைப் புரட்டினால் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றின் இரு பக்கமும் இலைபோன்ற செவுள்கள் அசையும். பெரும்பாலும் மூன்று வால் நூல்கள் இருக்கும். இதனோடு சேர்ந்தது மணற்கூட்டுப் புழு. இது மணலையும் சருகுத் துண்டையும் தன் பட்டினால் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் வாழும். சில இனங்கள் கல்லிடுக்கில் வலை பின்னி இரை பிடிக்கும். இரண்டு வால் நூல்களை உடைய கல்லடிப் பூச்சியும் இவ்வகுப்பைச் சேர்ந்ததே. ஆயினும் தென்னாட்டு ஓடைகளில் அதன் இனங்கள் சொற்பம். அதைக் காணவில்லை என்பதற்காக ஆற்றைக் கெட்டதென்று தீர்மானிக்கலாகாது.

இரண்டாம் வகுப்பு, ஓரளவு அழுக்கைப் பொறுப்பன. தட்டான், ஊசித்தட்டான் ஆகியவற்றின் இளவுயிர்கள், நண்டு, சிற்றிறால், நீர்ச்சிப்பி, நீர்வண்டு, ஜலத்தின் மேல் கால் பரப்பி ஓடும் பூச்சி முதலியன இதிற் சேரும். இவற்றுள் சில, மருந்து நஞ்சுக்கு மட்டும் உடனே பலியாகும் என்பதை என் கால்வாயில் கண்டதிலிருந்து அறியலாம்.

மூன்றாம் வகுப்பு, மற்றவை மடியும் இடத்திலும் பிழைப்பன. அட்டை, காற்றை நேரே சுவாசிக்கும் நத்தை வகைகள், சேற்றில் தலை புதைத்து வாலை அசைக்கும் செம்புழு, இரத்தப் புழு, கூத்தாடி, நீண்ட வாலை மேலே நீட்டி மூச்சு விடும் ஈப்புழு ஆகியவை இவ்வகுப்பினவாம். இரத்தப் புழு சிவந்திருப்பதற்குக் காரணம், நம் இரத்தத்தில் உள்ள சிவப்புப் பொருளை ஒத்த பொருள் அதன் உடலிலும் இருப்பதேயாம். பிராணவாயு குறைந்த சேற்றிலும் அதைப் பற்றிவைத்துக்கொள்ள அப்பொருள் உதவுகிறது. இம்மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவை நல்ல ஜலத்திலும் சில இருக்கும். அவை மாத்திரமே திரளாக இருந்து, முதல் வகுப்பு முற்றும் இல்லாமற் போனால் அதுவே எச்சரிக்கை.

இவற்றால் வேறு நன்மையும் உண்டு. தட்டானின் இளவுயிர் கூத்தாடியைத் தின்கிறது. வளர்ந்த தட்டான் நெல் வயலில் பறந்து பயிர்ப் பூச்சிகளைப் பிடிக்கிறது. ஏரி மீனுக்கு முக்கிய இரை இச்சிற்றுயிர்களே. ஆகையால் இவற்றின் அழிவு நம் வரவு செலவிலும் வந்து சேரும்.

பிற நாடுகளின் அனுபவம்

இது புதிதாய்த் தோன்றிய கற்பனையன்று. ஜெர்மனி தேசத்து அறிஞர்களான கோல்க்விட்ஸ், மார்சன் என்பவர்கள் 1902 முதல் 1909 வரை வெளியிட்ட ஆராய்ச்சிகளில், அழுக்கின் அளவுக்குத் தக்கபடி ஆற்றுயிர்கள் மாறுவதை வகுத்துக் காட்டினார்கள். பிரிட்டனில் 1976-ஆம் ஆண்டில் அமைந்த குழு ஒன்று, உயிர்க் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுக்கும் முறையை உருவாக்கிற்று. அதன்படி கல்லில் ஒட்டி வாழும் தட்டை ஒருநாட் பூச்சிக்கு 10, நீந்தித் திரியும் சிறிய இனத்துக்கு 4, இரத்தப் புழுவுக்கு 2, செம்புழுவுக்கு 1. தென்னாப்பிரிக்காவில் இதையே இன்னும் எளிதாக்கி, 13 வகை உயிர்களை மட்டும் அறிந்தாற் போதும் என்ற முறையை ஏற்படுத்தி, பள்ளிப் பிள்ளைகளும் ஆற்றைப் பரிசோதிக்கும்படி செய்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் கென்னட் என்னும் ஆற்றில் 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிகழ்ந்தது, ரயத்துகளாகிய நாம் அவசியம் அறியத்தக்கது. அந்நாட்டில் தொண்டர்கள் மாதந்தோறும் ஆற்றுப் பூச்சிகளை எண்ணிப் பதிவுசெய்யும் ஏற்பாடு உண்டு. மார்ல்பரோ என்னும் ஊருக்குக் கீழே உயிர்கள் திடீரென்று மறைந்திருப்பதை அவர்கள் கண்டு, சர்க்காருக்குத் தெரிவித்தார்கள். பரிசோதித்ததில், குளோர்பைரிபாஸ் என்னும் மருந்து சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக ஆற்றில் கலந்திருப்பது வெளியாயிற்று. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றுப் பூச்சிகளும் சிற்றிறால்களும் அழிந்தன. இத்தனை தூரம் கெடுப்பதற்கு மிகச் சொற்பமான மருந்தே போதுமானதாயிருந்தது. குளோர்பைரிபாஸ் என்பது நம் மருந்துக்கடைகளிலும் நன்கு அறிந்த பெயர். பூச்சியைக் கொல்லச் செய்த மருந்து ஆற்றுப் பூச்சியை வேறுபடுத்திப் பார்க்காது. எண்ணிப் பார்க்கும் ஆட்கள் அங்கே இல்லாதிருந்தால் அந்த நஷ்டம் எவருக்கும் தெரியாமலே போயிருக்கலாம்.

நம் தேசத்தில் செய்யப்பட்டது

நம் தேசமும் இவ்விஷயத்தில் பின்தங்கியதன்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நெதர்லாந்து தேசத்தின் ஒத்துழைப்போடு யமுனை நதியில் ஆராய்ச்சி நடத்தி, நம் நதிகளுக்கென ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்திருக்கிறது. அம்முறை ஆற்றை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. தூயதற்கு நீலம், சிறிது கெட்டதற்கு இளநீலம், நடுத்தரமாய்க் கெட்டதற்குப் பச்சை, மிகக் கெட்டதற்கு ஆரஞ்சு, முற்றும் கெட்டதற்குச் சிவப்பு என வர்ணங்களும் குறித்திருக்கிறார்கள். நம் மாகாணத்தில், மதுரைக் கல்லூரியில் ஜலப் பூச்சிகளை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் இயங்கிற்று. ஒருநாட் பூச்சி ஆராய்ச்சியில் பெயர்பெற்ற கே. ஜி. சிவராமகிருஷ்ணன் அவர்கள், அமெரிக்க அறிஞர் இருவரோடு சேர்ந்து, பிற நாட்டு மதிப்பீட்டு முறைகள் காவேரிப் படுகைக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஆராய்ந்து 1996-இல் கட்டுரை வெளியிட்டார். அந்நிய நாட்டு அட்டவணையை அப்படியே நம் ஓடையில் வைத்துப் பார்க்காமல், முதலில் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பது அவ்வாராய்ச்சியின் நோக்கத்திலிருந்தே விளங்கும். ஓர் உதாரணம் கூறுவேன்: பிரிட்டிஷ் அட்டவணையில் தட்டான் இளவுயிருக்கு 8 மதிப்பெண் உண்டு, நம் நாட்டிலோ சில தட்டான் இனங்கள் தேங்கிய குட்டையிலும் செழித்து வளர்கின்றன.

ஆக, அறிவு உண்டு, முறையும் உண்டு. அவை நகரத்து நிபுணர்களிடத்திலே நின்றுவிட்டன. ஆற்றங்கரைக் கிராமத்துக்கு வந்து சேரவில்லை. வாரியத்தார் பெருநதிகளின் குறிப்பிட்ட இடங்களைக் கவனிக்க முடியும். கோமுகியின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் வைக்க முடியாது. ஆனால் அங்கே நாம் இருக்கிறோம். நீர்க்கட்டி தினமும் கால்வாயோரம் நடக்கிறார். மாடு மேய்ப்பவரும் வலை வீசுபவரும் ஆற்றிலேயே பொழுது கழிக்கிறார்கள். இவர்கள் கண்ணால் கண்டதை ஒழுங்காக எழுதிவைக்க ஓர் ஏற்பாடு இல்லாததே குறை.

செய்யும் விதம்

வேண்டிய சாமான்கள் சில: கொசுவலைத் துணியில் தைத்த கைப்பிடி வலை ஒன்று, வெள்ளைப் பீங்கான் தட்டு இரண்டு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்று, மெல்லிய தூரிகை ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம்.

முழங்காலுக்கு மேற்படாத ஆழத்தில், கற்களுக்கிடையே ஜலம் சலசலத்து ஓடும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டத்துக்கு எதிராக வலையைப் பிடித்து, வலைக்கு மேற்புறத்துக் கற்களையும் மணலையும் காலால் மூன்று நிமிஷம் கலக்கினால், அங்குள்ள உயிர்கள் வலையில் வந்து விழும். பெரிய கற்களைக் கையால் எடுத்துத் துடைத்தும் பார்க்க வேண்டும். பிறகு தட்டில் சிறிது ஜலம் விட்டு, வலையில் உள்ளதை அதில் கவிழ்த்துவிடலாம்.

உயிர்கள் எத்தனை விதமாயிருக்கின்றன என்பதை அளப்பதற்கு எளிய கணக்கு ஒன்றுண்டு. தட்டிலிருந்து, பொறுக்கி எடுக்காமல் கைக்கு வந்தபடி, ஐம்பது உயிர்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் உயிருக்கு ஒரு கோடு இடுக. அடுத்தது முன்னதைப் போன்றதாயின் கோடு வேண்டாம். வேறாயின் இன்னொரு கோடு இடுக. முடிவில் கோடுகளின் தொகையை ஐம்பதால் வகுக்க வேண்டும். முப்பது கோடு வந்தால் 0.6, ஆறே கோடு வந்தால் 0.12. ஒன்றை நெருங்க நெருங்கப் பலவித உயிர்கள் கலந்து வாழ்கின்றன என்றும், சுன்னத்தை நெருங்க நெருங்க ஒரே இனம் மண்டிக்கிடக்கிறது என்றும் கொள்ளலாம். வாரியத்தின் முறையிலும் இவ்விதக் கணக்கு ஒரு பாதி. உயிர்க் குடும்பங்களின் மதிப்பெண் மறு பாதி. கிராமத்தில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக, மேற்சொன்ன மூன்று வகுப்பில் எவை எவை இருந்தன என்று குறித்தாற் போதும். பார்த்து முடிந்தபின் உயிர்களை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு முக்கிய விதி உண்டு. ஓர் இடத்தில் மாத்திரம் பார்ப்பதால் பயன் குறைவு. சந்தேகத்துக்குரிய மடைக்கு மேலே ஓரிடத்திலும், கீழே ஓரிடத்திலும், ஒரே நாளில், ஒரே மாதிரியான கல்லும் ஓட்டமும் உள்ள இடங்களில் பார்க்க வேண்டும். மேலே ஒருநாட் பூச்சி நிறைந்திருக்க, கீழே செம்புழு மட்டும் இருந்தால், இடையில் என்ன சேர்ந்தது என்று கேட்க நமக்கு நியாயம் பிறக்கும். மலையடிவாரத்து ஓடையொன்றை ஆண்டுதோறும் பார்த்து, அதையே நம் பிரதேசத்துக்குரிய உரைகல்லாக வைத்துக்கொள்வது உத்தமம்.

பருவமும் முக்கியம். நம் நதிகள் ஆண்டு முழுதும் ஓடுவன அல்ல. வெள்ளம் வந்தால் உயிர்களை அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளம் வடிந்து சில வாரங்கள் கழித்தே பார்க்க வேண்டும். கோடையில் எஞ்சும் குட்டைகளில் வண்டும் நத்தையுமே மிகுந்திருக்கும். அது வறட்சியின் இயல்பேயன்றி மாசின் அடையாளமன்று. ஆகவே மார்கழிக் கடைசி முதல் மாசி வரையில், ஜலம் தெளிந்து சீராக ஓடும் காலத்தில், மாதம் ஒருமுறை பார்ப்பது தகும். அணையில் ஜலம் திறந்த நாளையும் அடைத்த நாளையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்சேபங்களும் சமாதானமும்

"படித்த நிபுணர்களுக்கே கடினமான இது, கிராமத்தாருக்கு எப்படிக் கைவரும்?" என்று சிலர் கேட்கக்கூடும். இனத்தின் பெயர் சொல்வது நிபுணர் வேலை. வகுப்பைப் பிரிப்பது பழக்கத்தில் வருவது. நாற்றங்காலிலேயே கோரையையும் நெல்லையும் பிரித்தறியும் கண்ணுக்கு, மூன்று வால் நூலையும் இரண்டு வால் நூலையும் பிரிப்பது அரிதாகாது. ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் மேல்வகுப்புப் பிள்ளைகள் நால்வரும் இருந்தால் இரண்டொரு பருவத்தில் கைதேர்ந்துவிடுவார்கள்.

"அப்படியானால் ரசாயனப் பரிசோதனை வேண்டாமோ?" என்பது மற்றொரு கேள்வி. வேண்டும். ஜலத்தில் புளோரைடு மிகுந்திருக்கிறதா, நோய்க்கிருமி கலந்திருக்கிறதா என்பதை இச்சிற்றுயிர்கள் சொல்லமாட்டா. ஒருநாட் பூச்சி இருக்கிறதென்று ஓடை ஜலத்தைக் காய்ச்சாமற் குடிப்பது அறியாமை. காய்ச்சலை நாடி பார்த்து அறிந்தபின், அதற்குக் காரணத்தை இரத்தப் பரிசோதனையால் தெரிந்துகொள்வதில்லையா? அதுபோல, எங்கே, எப்பொழுது ஜலம் எடுக்க வேண்டும் என்பதைச் சிற்றுயிர் காட்டும். என்ன நஞ்சு என்பதை ஆராய்ச்சிச்சாலை காட்டும்.

மூன்றாவது ஆட்சேபம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ஆனால் அதுவே பெரிது. "இப்பதிவேடு நம்மையே காட்டிக்கொடுக்குமே!" என்பதுதான் அது. ஆம், காட்டிக்கொடுக்கும். ஆலைக் கழிவைக் குறிக்கும் அதே புத்தகம், மருந்துக் குப்பியை ஓடையில் அலசியவரையும் குறிப்பால் உணர்த்தும். நான் அதற்கு அஞ்சவில்லை. என் கால்வாயை முதலில் எழுதுங்கள் என்கிறேன். நம் குற்றத்தை நாமே எழுதத் துணியாவிடில், பிறர் குற்றத்தை எழுதும்போது எவர் நம்புவார்? தெளிப்பானைக் கரைக்கு அப்பால் வயலுக்குள்ளே கழுவுவதற்கும், வாய்க்கால் ஓரத்தில் இரண்டடி அகலம் புல் விடுவதற்கும், சரிவுக்குக் குறுக்கே உழுவதற்கும் பணச் செலவு அதிகமில்லை. அவற்றின் பலன் அடுத்த தை மாதத்திலேயே தட்டில் தெரியக்கூடும். ஏனெனில் கேடு நின்றால், மேலோடையிலிருந்து உயிர்கள் மீண்டும் வந்து குடியேறும்.

கிராமாதிகாரிகள் கவனத்துக்கு

1974-ஆம் ஆண்டு ஜல மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஓடையிலோ கிணற்றிலோ நஞ்சும் அழுக்கும் சேர அறிந்தே இடம் கொடுப்பதைத் தடுக்கிறது. வழக்குக்கு ஆதாரமாகக் கழிவுநீர் எடுப்பதற்கு 21-ஆம் பிரிவு முறை வகுத்திருக்கிறது: முன்னறிவிப்புக் கொடுத்து, இரு பங்காகப் பிரித்து, முத்திரையிட்டு, கையொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். ஆகையால் கிராமத்துப் பதிவேடு நேரே கோர்ட்டுச் சாட்சியம் ஆகிவிடும் என்று எண்ணுவது தவறு. ஆயினும் "எங்கள் ஊர் ஆறு கெட்டுவிட்டது" என்று வெறுமனே எழுதும் மனுவுக்கும், "இன்ன மடைக்கு மேலே மூன்று ஆண்டுகளாகக் காணும் உயிர்கள், கீழே இந்த மாசி முதல் காணப்படவில்லை" என்று தேதியோடு எழுதும் மனுவுக்கும் உள்ள வித்தியாசத்தை உத்தியோகஸ்தர்கள் அறிவார்கள். முன்னது புலம்பல்; பின்னது விசாரணைக்குத் தொடக்கம்.

எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதுகிறோம். ஊரின் உயிர்நாடியான ஆற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது மிகையாகாது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து இப்புத்தகத்தைத் தொடங்கிவைக்கலாம். வேளாண்மை உதவி அலுவலர் கண்ணாடியும் வலையும் பெற வழிசெய்யலாம். அண்மையிலுள்ள கல்லூரியின் விலங்கியல் ஆசிரியரை ஆண்டுக்கொருமுறை வரவழைத்துப் பதிவைச் சரிபார்க்கலாம். 2022 முதல் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22-ஆம் தேதியும் நம் மாகாணத்தில் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாசி மாதத்துக் கணக்கு முடிந்த சில தினங்களுக்குள் வரும் அந்நாள், பதிவேட்டை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பதற்கு மிகவும் ஏற்றது.

முன்னோர் ஏரிக்குக் கலிங்கும் மதகும் கட்டி, குடிமராமத்து என்று ஏற்பாடு செய்து, ஜலத்தின் அளவைக் காத்தார்கள். அதன் குணத்தைக் காக்கும் கடமை அவர்களுக்கு அவ்வளவாக நேரவில்லை. அது நம் தலைமுறையின் பங்காக வந்திருக்கிறது. வருகிற தை மாதத்தில், கோமுகிக் கரையிலோ மணிமுக்தாக் கரையிலோ உள்ள ஓர் ஊராட்சியாவது இதைத் தொடங்கினால் போதும். அடுத்த ஊரார் அதன் பலனைப் பார்த்துத் தாமே பின்பற்றுவார்கள். விதைப்பு எப்போதும் ஒரு வயலிலேதான் ஆரம்பமாகிறது.